எட்டு வீட்டு ஆரஞ்சு

காரில் வருவதாக எட்டு வீட்டுக்கும் சொல்லியாயிற்று. சொன்ன பத்தாம் நாள் தாணுமாலயப் பிள்ளையின் இடது கண் காலை வாரிவிட்டது.

விஷயம் அவ்வளவுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் ஒன்பது மணியிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். நாக்பூரில் டிசம்பர் மாதத்து ஒன்பது மணி ஒரு மணியே இல்லை. வெயில் வந்ததுபோல ஒரு பாவனை. மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, வாசலில் நிற்கிற வெள்ளை மாருதிக்குள் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் அரைமணி நேரம் இப்படி ஓடவிடுவது வழக்கம். பாட்டரிக்கு நல்லது என்பார். பாட்டரிக்கு நல்லதோ இல்லையோ, வீட்டில் யாரும் வந்து பேசமுடியாத அரைமணி அவருக்கு நல்லது. பத்து மணிக்குள் பூனாவில் இருக்கிற மகன் நீலகண்டனுக்குப் பதில் சொல்லவேண்டும். நேற்றைக்கே மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். அப்பா, காரா பிளேனா, ஒண்ணு சொல்லுங்க, பத்து மணிக்கு டிக்கெட் போட்டிருவேன், அப்புறம் சீட் கெடைக்காது. காரா பிளேனா. அவனுக்கென்ன, கடையில் நின்று இட்லியா தோசையா என்று கேட்கிற மாதிரி கேட்கிறான். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில் ஏறினாலே எதிரில் வருகிற மாட்டிடம் வழி கேட்பான். ஆனால் பெண்டாட்டியை மட்டும் தானாகவே தேடிக்கொண்டான், மராத்திக்காரி. கம்பெனி வேலையாக நாக்பூர் வந்தவள் இரண்டு நாளாக இங்கேதான் தங்கியிருக்கிறாள். உள்ளே மாமியாரும் மருமகளும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கார்க் கண்ணாடியைத் தாண்டி வந்தது. ஒருத்திக்கு மராத்தி பாதி, ஒருத்திக்குத் தமிழ் கால். முக்கால் பாஷையில் இவ்வளவு சிரிக்க முடியுமா. காலையில் சிரிக்க என்ன இருக்கிறது. எஞ்சின் சீராகத்தான் ஓடுகிறது. பதினாலு வருஷத்து எஞ்சின். சவம், கண் ஒன்றுதான் சீரில்லை.

ஆரஞ்சு வேறு வந்து இறங்கிவிட்டது. பக்கத்து ஊரான காட்டோலில் தோட்டம் வைத்திருக்கிற பழைய சிநேகிதன் சொன்ன சொல் தவறாமல் எட்டுப் பெட்டி அனுப்பிவிட்டான். முன்னறை முழுக்க வாசனை. பாத்ரூம் போனாலும் வாசனை, சாம்பாரிலும் வாசனை. மார்கழியில் காரில் ஊருக்குப் போகும்போதெல்லாம் இது நடக்கிற காரியம். நாகர்கோவிலைச் சுற்றி எட்டு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காரை நிறுத்தி, டிக்கியைத் தானே திறந்து, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் நடுவீட்டில் வைப்பார். வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசவேண்டியதில்லை, பழம் பேசும். வடசேரித் தங்கை வீட்டில் குழந்தைகள் அவரை ஆரஞ்சுத் தாத்தா என்றுதான் சொல்கின்றன. சொந்தப் பெயரே அதுகளுக்குத் தெரியாது. சுசீந்திரத்துச் சித்தப்பா மகன் இருக்கிறானே, பெரிய விஷமி, அவன் போனில் கேட்டான், "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் பிளேன்னு கேள்விப்பட்டேன். பிளேன்ல பெட்டிக்கும் டிக்கெட் எடுக்கணுமாமே? பெட்டிய சன்னல் பக்கம் உக்கார வச்சுக் கூட்டிட்டு வாங்க, அதுக்கும் வேடிக்கை பாக்கணும்லா." அப்போதுதான் அவர் சொன்னார், சுருக்கமாக, காரில்தான்டே வாறேன் என்று. அந்த வேகத்தில் மற்ற ஏழு வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எழுபத்திரண்டு வருஷமாகக் குறைவாகப் பேசியே காலம் தள்ளியவர், ஒரு சாயங்காலம் எட்டு வீட்டோடு பேசினார், மாட்டிக்கொண்டார்.

பால்காரன் அதற்குப் பத்து நாள் கழித்து வந்தான். எங்கிருந்து வந்தான் என்பதுதான் கேள்வி. அவர் காரை இடது பக்கம் திருப்பினார். இடது பக்கம் யாரும் இல்லை. நிச்சயமாக இல்லை. இல்லாத இடத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர், இரண்டு பெரிய கேன், ஒரு சத்தம், அதன்பிறகு ரோடு முழுக்கப் பால். வெள்ளை வெளேரென்று ஓடிச் சாக்கடையில் விழுந்தது. பால்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து நின்று முழங்காலைத் தட்டிவிட்டு, "கண்ணு எங்க வச்சிருக்க கெழவா" என்று மராத்தியில் கேட்டான். திட்டுவதற்காகக் கேட்டதுதான். ஆனால் நியாயமான கேள்வி.  மறுநாள் தனியாக, பாங்குக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, கண் டாக்டரிடம் போனார். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, பொங்கல் கழித்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள் என்றான் டாக்டர். சின்னப் பையன். வண்டி என்றால் ஸ்கூட்டரா காரா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்தார். இது யார் கண்? நிலக்கரி ஆபீசில் முப்பத்தோரு வருஷம் சுரங்கப் படம் வரைந்த கண். ஒரு மில்லிமீட்டருக்குள் நாலு கோடு போடும். பூமிக்கடியில் எண்ணூறு அடி ஆழத்தில் எந்தத் தூண் எங்கே நிற்கிறது என்று மேஜையில் உட்கார்ந்து சொல்லும். அந்தக் கண்ணுக்கு ரோட்டில் வருகிற பால் கேன் தெரியவில்லையாம். டாக்டர் கொடுத்த சீட்டை மடித்து, காரில் பக்கத்து சீட்டுக்கு எதிரில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள், இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கு அடியில் வைத்துவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. கை நீட்டினால் எட்டும். எஞ்சின் அதிர்வில் அது மட்டும் தனியாக நடுங்குகிற மாதிரி இருந்தது. ஒரு காகிதம் எப்படித் தனியாக நடுங்கும். கிறுக்கு.

சரி, பிளேன். பிளேனில் என்ன கெட்டுப்போயிற்று. போகலாம். ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். பெல்ட்டைப் போடத் தெரிந்தது, கழற்றத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் வயிற்றில் கைவைத்துக் கழற்றிவிட்டான். முன்பின் தெரியாதவன். இங்கே மப்ளரோடு ஏறுகிறோம், அங்கே வேர்வையோடு இறங்குகிறோம், நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு டம்ளர் தக்காளி ஜூசைத் தவிர. குளிர் எந்த ஊரில் விட்டது என்று யாராவது சொன்னார்களா. காரில் போனால் அவருக்குத் தெரியும். முதல் நாள் ஆதிலாபாத் தாண்டும்போது மப்ளர் கழலும். கர்னூலில் ஸ்வெட்டர். ராத்திரி அங்கே தங்கி, கண்ணில் தண்ணி வரவைக்கிற கோங்குரா ஊறுகாயோடு சோறு. மறுநாள் ஓசூர் வந்ததும் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறும். அவர் மனைவி பகவதி, அதுவரை வாயை மூடிக்கொண்டு வந்தவள், ஒவ்வொரு பலகையாகச் சத்தம்போட்டு வாசிக்க ஆரம்பிப்பாள். முருகன் டயர்ஸ். அன்னை பாத்திரக்கடை. இங்கு பஞ்சர் ஒட்டப்படும். "எனக்கும் வாசிக்கத் தெரியும்ட்டீ" என்பார் அவர். "நீங்க ரோட்டப் பாருங்க, இது எனக்கு" என்பாள். சேலத்தில் ஒரு தட்டு இட்லி, அதற்கு நாலு சட்னி, யாரும் கேட்காமலே வைப்பான். மதுரைக்குத் தெற்கே ரோடு நீட்டிப் படுத்துக்கிடக்கும். சட்டைப் பொத்தான் இரண்டு திறந்துவிடும். காவல்கிணறு விலக்கில் வலது பக்கம் திரும்பி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிறபோது இரண்டு பக்கமும் மலை எழும்பி, காற்று வந்து காரை ஒரு தட்டுத் தட்டும். வா என்கிற மாதிரி. அந்த இடத்தில் அவர் எப்போதும் கண்ணாடியை இறக்குவார். ஆறு தடவை போயிருக்கிறார், ஆறு தடவையும் இறக்கினார். பகவதி தலையைப் பிடித்துக்கொண்டு கத்துவாள், அவர் கேட்காத மாதிரி இருப்பார். கேட்காத மாதிரி இருந்துகொண்டு சிரிப்பார். கிட்டத்தட்ட ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டரும் அந்த ஒரு தட்டுக்காகத்தான். இதை நீலகண்டனிடம் சொன்னால் டிக்கெட் போடுகிறவன் மூளை டாக்டருக்கும் சேர்த்துப் போடுவான்.

காரில்தான் போகவேண்டும். முடிவு. ஓட்டவேண்டியது வலது கண்ணால். வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஒற்றைக் கண்ணோடு ஊரை ஆண்டவன் உண்டு. தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக்கொண்டால் போதும். சாய்த்துப் பார்த்தார். கேட், கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டுத் துளசி மாடம், மாடத்தின் பக்கத்தில் ஒரு சிவப்புச் சேலை காய்கிறது. தலையை நேராக்கினார். சேலை போயிற்று. மறுபடி சாய்த்தார். வந்தது. நேராக்கினார். போயிற்று. இது என்ன கண்கட்டு வித்தை. எழுபத்திரண்டு வயசில் ஒருத்தன் காருக்குள் உட்கார்ந்து எதிர்வீட்டுக்காரி சேலையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான் என்று யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். கூலிக்கு ஒரு டிரைவர் வைத்தால் என்ன என்று நேற்று ராத்திரி ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் விரட்டினார். முன்பின் தெரியாதவன் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஊருக்குள் போவதா. சுசீந்திரத்தான் விடுவானா. வேறு யார் ஓட்டுவார்கள். வீட்டில் ஓட்டுகிறவர்களை எண்ணிப் பார்த்தார். நான். நீலகண்டன் கிடையாது. ஆகவே நான். கணக்கு முடிந்தது. எத்தனை தடவை எண்ணினாலும் அதே கணக்குதான் வந்தது.

"இன்னுமா பாட்டரிக்கு நல்லது நடக்கு?" பகவதி இடது பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். ஷாலுக்கு மேல் ஷால். கையில் ஒரு ஆரஞ்சு. "மணி ஒன்பதரை ஆச்சு. அவன் கூப்பிடுவான். என்ன சொல்லப்போறிய?"

"சொல்லுவேன்."

"என்ன சொல்லுவிய?"

"அத அவங்கிட்ட சொல்லுவேன்."

"எங்கிட்ட சொன்னா முத்து உதிர்ந்திருமோ?" என்றாள். ஆரஞ்சை உரித்தாள். "எனக்கு எதுனாலும் சரி. பிளேன்னா தூங்கிட்டுப் போவேன். காருன்னா பேசிட்டுப் போவேன். பிளேன்லயும் பேசலாம், ஆனா நீங்க எந்திரிச்சு ஓடமுடியாது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, இரண்டு சுளையை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் திரும்பினார். பக்கத்தில்தான் இருக்கிறாள், ஒரு கை தூரத்தில். பேசுகிறாள், சிரிக்கிறாள், ஆரஞ்சுத் தோல் வாசனை மூக்கில் ஏறுகிறது. ஆனால் ரோட்டைப் பார்க்கிற மாதிரி முகத்தை நேரே வைத்துக்கொண்டால் அவள் இருக்கிற இடத்தில் புகை. புகைக்குள் நீலமாக ஒரு ஷால். அவ்வளவுதான். நாற்பத்தாறு வருஷமாக அவள் உட்காருகிற இடம் அது, அவருடைய இடது பக்கம். பஸ்ஸில், சினிமாவில், கல்யாண மணவறையிலே தொடங்கி. இனி கர்னூலுக்கும் அனந்தப்பூருக்கும் நடுவில் ஒரு லாரி வருமென்றால் அது எந்தப் பக்கம் வரும்? இல்லாத பக்கத்திலிருந்து வரும். பால்காரன் வந்த மாதிரி. அன்றைக்கு ரோட்டில் ஓடியது பால்.  எட்டு வீட்டுக்காரனும் சிரித்துக்கொள்ளட்டும். சுசீந்திரத்தான் ஊர் கூட்டிச் சிரிக்கட்டும். பெட்டிகளைத் தெருவில் கூவி விற்றாலும் சரி. சொல்லிவிடவேண்டும். வாயைத் திறந்தார். "பழம் புளிக்கி" என்றார்.

"தின்னாமலே புளிக்கோ?" சுளைகளை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு இறங்கினாள். "உள்ள தோசை கரியுது. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க."

பழம் இனித்தது. அதுதான் சங்கடமே. இவ்வளவு இனிப்பான பழத்தைப் பிளேனில் எப்படிக் கொண்டுபோவது என்று மறுபடி தொடங்கியது மனசு. செக்குமாடு மாதிரி. காரா, கண்ணு. பிளேனா, பழம். பழமா, கார். காரா, கண்ணு. நடுவில் கணவாய்க் காற்று வந்து ஒரு தட்டு. பத்துக்கு இருபது நிமிஷம்.

மறுபடி இடது பக்கம் ஏதோ அசைந்தது. அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வலது பக்கக் கண்ணாடியில் தட்டும் சத்தம். மருமகள், கையில் டம்ளர். இறக்கினார்.

"பாபா, டீ குடி" என்றாள். பாபா என்றால் அப்பா, மற்றது இரண்டு வருஷத் தமிழ். பெரியவர்களுக்கான மரியாதையெல்லாம் இன்னும் அவள் நாக்கில் ஏறவில்லை. ஊரில் யாராவது கேட்டால் மூர்ச்சை போட்டு விழுவார்கள். அவர் மட்டும் இதுவரை திருத்தவில்லை. தம்மை நீ என்று சொல்ல ஆளில்லாமல் போய் எத்தனையோ வருஷமாயிற்று. டம்ளரை வாங்கினார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

"நான் அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம் நின்னேன். டம்ளர் இப்படிக் காட்டினேன். நீ பாக்கல."

"யோசனையில இருந்தேன்."

"இல்ல." அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் பையன்கூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. "எப்போல இருந்து?"

"என்ன எப்போல இருந்து? போ உள்ள. சவம், நிம்மதியா ஒரு டீ குடிக்க விடமாட்டாளுவ." குரல் காருக்குள்ளேயே முட்டித் திரும்பியது. அவள் போகவில்லை. பயந்த மாதிரியும் இல்லை. எருமை உறுமினால் எருமை உறுமுகிறது என்று நிற்கிறவர்கள் உண்டு, அந்த மாதிரி நின்றாள். அவருக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து, இன்ஷூரன்ஸ் காகிதத்தைத் தள்ளி, சீட்டை எடுத்து நீட்டினார். எட்டு வீட்டுக்குச் சொல்லமுடியாதது, நாற்பத்தாறு வருஷத்துப் பெண்டாட்டிக்குச் சொல்லமுடியாதது, கால் தமிழ் தெரிந்தவளிடம் கைநீட்டுகிற காரியமாக முடிந்துவிட்டது. வாசித்தாள். மடித்தாள்.

"ஆபரேஷன் பொங்கல் அப்புறம். சின்ன ஆபரேஷன். என் அப்பாக்கு ஆச்சு. இப்போ கழுகு." காற்றில் கையை விரித்துக் காட்டினாள். "சரி. ரோடுக்கு நான் இருக்கேன்."

"நீ எதுக்கு?"

"ஓட்ட."

அவர் சிரித்தார். ரொம்ப நாளாக ஓட்டாத வண்டி கிளம்புகிற மாதிரி இருந்தது சிரிப்பு. "இது பூனாவுல ஆபீசுக்குப் போற மாதிரியில்ல. ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர்."

"பாபா, என் அப்பா சதாராவுல தக்காளி போடுறார். பத்தொன்பது வயசுல நான் பிக்கப் வண்டி ஓட்டி பம்பாய் மார்க்கெட் போவேன். காட் ரோடு, மலை, மழை, பின்னால அறுவது பெட்டி தக்காளி. ஒண்ணு நசுங்கினா அப்பா அடிப்பார்." பிறகு முகத்தைச் சுளித்தாள். "உன் ஆரஞ்சு தப்பா அடுக்கிருக்க. எட்டும் ஒண்ணு மேல ஒண்ணு. கீழ இருக்கறது அழுகும். நடுவுல காத்து வேணும். நான் நேத்தே சொல்ல நெனச்சேன். நீ கத்துவ."

"அவன் சொல்லவே இல்லியே, நீ ஓட்டுவேன்னு."

"நீ கேக்கவே இல்லியே."

கேட்கவில்லை. உண்மைதான். எத்தனை தடவை எண்ணினார், ஓட்டுகிறவர்கள் யார் யார் என்று. நான், நீலகண்டன் கிடையாது, ஆகவே நான். உள்ளே ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கும்போதே எண்ணினார். அறுபது பெட்டித் தக்காளியோடு மலை இறங்கினவள் முன்னறையில் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், அவர் இந்தப் பக்க அறையில் புரண்டு புரண்டு டிரைவர் தேடியிருக்கிறார். பரம்பரையாக அந்தக் குடும்பத்தில் மருமகள் என்றால் பின் சீட். பின் சீட்டிலும் நடுவில். அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, அதனால் யாரும் மாற்றவும் இல்லை. ஒரு மில்லிமீட்டருக்குள் நாலு கோடு போட்டவனுக்கு இது எப்படித் தப்பியது. இதற்குப் புரை எந்தக் கண்ணில். அவருக்குத் தன்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. நெஞ்சுக்குள் எங்கோ சேலத்து இட்லி வேகிற வாசனை கிளம்பியது.

"லீவு?"

"இருபதாம் தேதில இருந்து. நீலு பிளேன்ல வரட்டும். அவன் காருல வந்தா வழி பூரா பிரேக் பிரேக்னு கத்துவான்."

கதவைத் திறந்து இறங்கினார். வலது கதவிலிருந்து இடது கதவுக்குக் காரைச் சுற்றி எட்டு எட்டுதான். எட்டு எட்டையும் வைத்தார். பகவதி வாசலில் தோசைக் கரண்டியோடு நின்றாள். மருமகள் கையில் இருந்த சீட்டையும் அவர் போகிற பக்கத்தையும் பார்த்தாள்.

"ஒருவழியா சொல்லியாச்சா" என்றாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒரு மாசமா தட்டுல இருக்க அப்பளத்தத் தேடிட்டு இருக்கிய. நானும் தெனமும் இடது பக்கமாத்தான் வைக்கேன், சொல்லுவாரா சொல்லுவாரான்னு. மனுசன் அப்பளமே வேண்டாம்னுல்லா சொன்னாரு." கரண்டியால் கண்ணோரத்தைத் துடைப்பதுபோல் போய், நல்லவேளை, முந்தானையால் துடைத்தாள். "நான் பின்னால ஏறுகேன். காலுக்குப் பக்கத்துல ரெண்டு பெட்டி வச்சாலும் தாங்கும். இப்ப ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோம், கைப்பழக்கம் பாக்க."

"தோசை?"

"கரிஞ்சாச்சு."

மருமகள் வலது பக்கம் ஏறினாள். சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு கம்பியை இழுத்து, சீட்டை முன்னால் தள்ளினாள். பதினாலு வருஷமாக அந்தச் சீட் நகர்ந்ததில்லை, கிரீச்சென்று கத்தியது. அவருக்குப் பல் கூசியது, வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கண்ணாடியைத் திருப்பினாள். கேட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்தாள், அவசரமில்லாமல், தக்காளிக்காரி பார்வை. வண்டி ரோட்டில் இறங்கியதே தெரியவில்லை. இடது சீட்டிலிருந்து அவர் முதல்முறையாக அந்தத் தெருவைப் பார்த்தார். வலது கண் போதுமானதாக இருந்தது. ரோடு முழுசாகத் தெரிந்தது. ரோட்டோடு அவள் கையும், பின்னாலிருந்து பலகைகளை இப்போதே வாசிக்க ஆரம்பித்துவிட்ட பகவதியின் குரலும். மராத்திப் பலகைகள், தப்புத் தப்பாக. மருமகள் திருத்தினாள். இருவரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியை இறக்கினார். குளிர்காற்று, நாக்பூர்க் காற்றுதான், ஆனாலும் காற்று. பின்னாலிருந்து பகவதி கத்தினாள். அவர் கேட்காத மாதிரி இருந்தார்.

போன் அடித்தது. பத்துக்கு இரண்டு நிமிஷம்.

"அப்பா, முடிவு பண்ணியாச்சா? காரா பிளேனா?"

"ஒனக்குப் பிளேன். எங்களுக்குக் கார்."

"வெளையாடாதீங்கப்பா. அவ்வளவு தூரம் ஆரு ஓட்டுவா?"

தாணுமாலயப் பிள்ளை வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"மிருணாள்" என்றார்.